மிகுலென்கா வீட்டாருக்கு ஒரு கை தண்ணீர்

1997 ஆடி அமாவாசையன்று பிளானோவில் திருமூர்த்தி காக்காய்க்கு வைத்த சோற்றை, செத்துத் தொண்ணூறு வருஷமான ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. பருப்புச் சோறு, பூசணிக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பாயசம் எல்லாம் தீர்ந்தன. நார்த்தங்காய் ஊறுகாயை மட்டும் அவர்கள் தொடவில்லை.

திருமூர்த்திக்கு அப்போது முப்பத்தொரு வயது. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் டெலிபோன் ஸ்விட்ச் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். அந்த வருஷம் மாசி மாதம் அவன் மனைவி சண்முகப்ரியா, இந்தியச் சாமான் கடை வாசலில் காரில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்து இறந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவன், காரில் இருந்த பைகளை உள்ளே கொண்டுவந்து, பாலை ஃபிரிட்ஜில் வைத்தான், பருப்பை டப்பாவில் கொட்டினான், நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைப் பாலுக்குப் பக்கத்தில் வைத்தான். அந்த ஊறுகாய் அவளுக்கு மட்டும் வாங்குவது. அவள் அதைச் சோறில்லாமல் சும்மாவே தின்பாள், விதைகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைப்பாள். அவனுக்குக் கசப்பு ஆகாது.

அன்றிலிருந்து அவன் அவள் பேரைச் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கேட்டபோது எழுதி நீட்டினான். பவானி கூடுதுறையில் அஸ்தி கரைக்கப் போனபோது, ஐயர் பேர் கேட்டதும் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. மாமனார் பக்கத்திலிருந்து சொன்னார். கடைசியில் ஐயர், "யாருமில்லாதவங்களுக்கும் ஒரு கை தண்ணி விட்டிருங்க, அவங்களும் பாத்துட்டுத்தான் நிப்பாங்க" என்றார். அந்தத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு விமானம் ஏறினான்.

ஆடி அமாவாசைக்கு வியட்நாம் கடையில் உறைந்த வாழையிலை வாங்கிவந்து, பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையில் போட்டு, சமைத்ததைப் பரிமாறினான். கையில் எள்ளை வைத்துக்கொண்டு பேரைச் சொல்லித் தண்ணீர் விட வேண்டும். பேர் வரவில்லை. தண்ணீர் விரலிடுக்கில் ஒழுக ஆரம்பித்தது. வீணாகப் போகக் கூடாதே என்று, அவனுக்குச் சொல்ல முடிந்ததை மட்டும் சொன்னான்: "யாருமில்லாதவங்க, பேர் சொல்ல ஆளில்லாதவங்க எடுத்துக்குங்க." சொல்லி முடித்ததும் மரவேலிக்குள்ளிருந்து நான்கு பேர் வெளியே வந்தார்கள். வேலி திறக்கவில்லை, உடையவும் இல்லை. முன்னால், அடர்ந்த மீசையோடு, அந்த வெயிலிலும் கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு ஆள். பின்னால் தலையில் துணி கட்டி, சிவப்பு நூலில் பூ வேலை செய்த முன்துணி கட்டிய அவர் மனைவி, அவள் கையில் ஒரு குழந்தை. கடைசியில் இரட்டைச் சடை போட்ட மகள். நின்று கைகூப்பி ஏதோ ஜெபம் சொன்னார்கள். பிறகு தரையில் உட்கார்ந்து, நாலு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். எழுந்து வந்த வழியே போனார்கள். கோடையில் அந்தப் பக்கத்துக் கரிசல் மண் கை நுழையுமளவுக்கு வெடித்துக் கிடக்கும். அவர்கள் கால் பட்ட இடத்தில் மட்டும் வெடிப்பு மூடியிருந்தது.

அடுத்த அமாவாசைக்கும் வந்தார்கள், அதற்கடுத்ததற்கும். முதலில் கவனித்தது அந்தக் குடியிருப்பின் வீட்டுக்காரர்கள் சங்கம். பின்பக்கத்தில் விருந்தாளிகளைத் தரையில் உட்கார வைக்கக் கூடாது, நாற்காலி போட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நாலு நாற்காலி வாங்கிப் போட்டான். அவர்கள் அவற்றில் கோட்டையும் தலைத்துணியையும் கழற்றி வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். ஆபீஸ் நண்பன் ஜெயபிரகாஷ் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "டேய், நீ யார் வீட்டுக்கும் வந்து ஒருவாய் சாப்பிட மாட்டேங்கிறேன்னு எல்லாரும் கவலைப்பட்டுட்டு இருக்கோம். நீ என்னடான்னா செத்தவங்களுக்கு கேட்டரிங் பண்றே" என்றான். திருமூர்த்தி, "வடை இருக்குது, எடுத்துக்கோ" என்றான். ஜெயபிரகாஷ் ரெண்டு வடை தின்றுவிட்டு, ஊரில் யாரோ பெண் இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்து, இரட்டைச் சடைப் பெண் தன்னையே பார்ப்பதைக் கண்டு எழுந்து போய்விட்டான்.

தெருக்கோடியில் அரியரட்ணம் அங்கிள் வீடு. அவர் மனைவி தவமணிதேவி ஆன்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். திருமூர்த்தி தனி ஆளானதிலிருந்து வாரத்துக்கு ஒரு கறி கொண்டுவந்து கொடுப்பார். அவர்தான் நான்கு பேரையும் சமையலறை ஜன்னல் வழியாக நன்றாகப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னவர். "தம்பி, உதுகள் நல்லாச் சாப்பிடுதுகள். ஆனால் பசி அடங்கேல்லை. பேர் சொல்லாமல் வைச்ச சோறு வயித்திலை தங்காது."

"பேர் எனக்குத் தெரியாதுங்களே ஆன்டி."

"அப்ப கண்டுபிடியும். உவை இருந்து முழுக்கச் சாப்பிட்டா, உம்மடை மனுசிக்கு என்ன மிச்சம்?"

அது அவனுக்குச் சரியென்று பட்டது. இவர்களைப் பேர் சொல்லி அனுப்பிவிட்டால் இலை காலியாகும், அவள் வருவாள் என்று கணக்குப் போட்டான். அவள் பேரை அவனால் சொல்ல முடியவில்லை என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பேரை அவர்களிடமே கேட்டான். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவு வருஷமாக யாரும் கூப்பிடாததால் அவர்களுக்கே மறந்துபோயிருந்தது. பேசுவதைப் பதிவு செய்து பார்த்தான். டேப்பில் இலையில் கை வழிக்கும் சத்தம் மட்டும் இருந்தது. ஜெபத்தின் முதல் இரண்டு வார்த்தைகளை மனப்பாடம் செய்து, ஆபீஸ் கேண்டீனில் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிப் பார்த்தான். "ஓட்செ நாஷ்." லேபில் வேலை பார்க்கும் ஜெர்ரி என்ற தடித்த ஆள் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, அது செக் மொழி, பரமண்டல ஜெபம், உனக்கெப்படித் தெரியும் என்றான். சாப்பிட வந்தவர்கள் சொன்னார்கள் என்றான் திருமூர்த்தி. ஜெர்ரி அந்த ஞாயிற்றுக்கிழமையே அவனைத் தன் லாரியில் ஏற்றிக்கொண்டு தன் சொந்த ஊரான எனிஸுக்குப் போனான்.

எனிஸில் பருத்தி விதைக்கக் கப்பலேறி வந்த செக் ஜனங்களின் பேரப்பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். ஒரு பெரிய ஹாலில் அக்கார்டியன் வாசித்து ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பழம் வைத்த பன் ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள். எல்லோரும் முதலில் கேட்டது அவன் குடும்பப் பேரை. அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது என்றான். லைசென்ஸில் கருப்பண்ணன் என்றிருக்கிறதே என்றார்கள். அது அப்பா பேர். அப்பாவின் கடைசிப் பேர் அவருடைய அப்பா பேர். மூன்று தலைமுறைக்குத் தண்ணீர் விடுவோம், அதற்கு மேல் பேரை விட்டுவிடுவோம் என்று விளக்கினான். முன்னூறு வருஷத்துப் பேரை மூட்டை கட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்தவர்களுக்கு இது பெரிய ஊதாரித்தனமாகத் தெரிந்தது.

"அப்போ உன் பேர் யாருக்குக் கடைசிப் பேர்?" என்று கேட்டான் ஜெர்ரி.

"என் மனைவிக்கு இருந்தது."

"இப்போ?"

"யாருக்கும் இல்லை."

ஜெர்ரி அவன் தட்டில் இன்னொரு பன்னை வைத்தான். திரும்பும்போது எனிஸின் டெலிபோன் டைரக்டரி ஒன்றையும் எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்தான்.

1998 முழுவதும் திருமூர்த்தி அமாவாசைதோறும் பரிமாறிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டைரக்டரியிலிருந்து குடும்பப் பேர்களாக வாசித்தான். அவர்கள் சாப்பிடுகிற நேரத்தில் ஒரு பக்கம்தான் முடியும். ஆரம்பத்தில் அதற்காக மட்டும் உட்கார்ந்தான். பிறகு வாசித்து முடித்த பிறகும் உட்கார்ந்திருந்தான். ஆபீஸில் நடந்ததைத் தமிழில் சொன்னான். மீசைக்காரர் செக்கில் ஏதோ பதில் சொல்வார். பருத்தியைப் பற்றியாக இருக்கலாம், அவர் கை செடி உயரத்துக்குப் போய் நிற்கும். வேலிக் கதவின் கீல் இறங்கியிருந்ததை அவர் ஒரு அமாவாசையில் சரிசெய்தார். மகள் துளசித் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் முகர்ந்துவிட்டுச் சிரித்தாள். மார்கழியில் அவன் காய்ச்சலோடு பரிமாறியபோது, அந்த அம்மாள் குழந்தையை மடியில் மாற்றிக்கொண்டு உள்ளங்கையை அவன் நெற்றியில் வைத்தாள். கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. அவள் போன மாசிக்குப் பிறகு அவனைத் தொட்ட முதல் கை அதுதான். காய்ச்சல் அன்றைக்கே விட்டது.

1999 வசந்தத்தில் ஒரு அமாவாசை. மழை தூறிக்கொண்டிருந்தது. "மிகுலென்கா" என்று வாசித்தான். மீசைக்காரர் கடித்த வடையை இலையில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட பையன் மாதிரி எழுந்து நின்றார். மனைவி எழுந்தாள். மகள் எழுந்தாள். குழந்தை தலையைத் திருப்பிப் பார்த்தது. நால்வர் மேலும் முதல்முறையாக மழை பட்டது, துணி நனைந்தது. செம்பில் தண்ணீர் இருந்தது, எள் இருந்தது. குடும்பப் பேர் கிடைத்தது, ஆளுக்கொரு சொந்தப் பேர் வேண்டுமே என்று திருமூர்த்தி டைரக்டரியை மூடிக்கொண்டு உள்ளே போனான். அன்றைக்கு அது நியாயமான காரணமாகத்தான் இருந்தது.

டைரக்டரியில் அந்தப் பேரில் முதலாவதாக இருந்த பெர்னிஸ் மிகுலென்காவைப் போய்ப் பார்த்தான். எழுபது வயது, கணீரென்ற குரல். அவர் அப்பாவின் அண்ணன் ஃப்ரான்டிஷெக் நல்ல நிலம் கிடைக்குமென்று, சொந்த ஜனத்தைவிட்டு மனைவி ரோசாலியே, மகள் அநெஷ்காவோடு வடக்கே போனாராம். அங்கே ஒரு குழந்தை பிறந்ததாகச் சேதி வந்தது. அத்தோடு சரி. தேடிப்போனவர்களிடம், விஷக் காய்ச்சலில் வீடே போய்விட்டது, வயலில் எங்கோ புதைத்தோம், எந்த இடமென்று நினைவில்லை என்று நிலக்காரர் சொல்லிவிட்டார். பேசும்போதே பெர்னிஸ் சுவர் அலமாரியைக் காட்டினார். அதில் பூப்போட்ட தட்டு ஒன்று தனியாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் மேஜையில் அதைக் காலியாக வைப்பது அந்த வீட்டு வழக்கம். வராதவர்களுக்கு. குழந்தைக்குப் பேர் வைத்தார்களா என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. "நீ எதற்குக் கேட்கிறாய்?" என்றார். என் வீடு அந்த நிலத்தில்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லி, போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

அதற்குப் பிறகு சொல்லாமலிருக்கக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. திருமூர்த்தி சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் போய்விடுவார்கள். அமாவாசைக்கு முந்தின நாள் காய் நறுக்குவது, இலையைத் துடைப்பது, நாலு பேர் வருவார்கள் என்று வேலியைப் பார்ப்பது, இதைத் தவிர அவன் மாதத்தில் வேறொன்றும் இல்லை. "கிடைச்சுதே பேர்?" என்று ஆன்டி கேட்டபோது, "தேடிட்டுத்தானுங்க இருக்கேன்" என்றான். கம்ப்யூட்டர்களெல்லாம் நின்றுபோகும் என்று ஊரே பயந்த புதுவருஷம் பிறந்தது, எந்தக் கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. அவன் இலையில் அயிட்டங்களைக் கூட்டினான். அவர்கள் முன்னைவிட வேகமாகச் சாப்பிட்டார்கள், முன்னைவிட மெலிந்தார்கள். பேர் ஒருமுறை காதில் விழுந்துவிட்டதால் பசி இன்னும் கூடியிருந்தது. 2000 கோடையில் மீசைக்காரரின் கோட்டு வழியாகப் பின்னாலிருந்த வேலிப் பலகையின் ஆணி தெரிந்தது. குழந்தை அழும்போது வாய்தான் திறந்தது, சத்தம் வரவில்லை. ஆவணி அமாவாசையன்று, ரோசாலியே உட்காரப் போகும்போது, குழந்தை அவள் கை வழியாகவே நழுவிக் கீழே போனது. அவள் குனிந்து அள்ளினாள். மறுபடியும் நழுவியது. முழங்கால் போட்டு, முன்துணியை விரித்து, அதில் ஏந்திக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து திருமூர்த்தியைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. காய்ச்சலன்று பார்த்த மாதிரியே பார்த்தாள்.

கத்தரிக்காய்க் கறியோடு வந்திருந்த ஆன்டியும் ஜன்னலருகே நின்று அதைப் பார்த்தார்.

"உமக்குப் பேர் தெரியும், என்ன?"

திருமூர்த்தி தலையாட்டினான்.

"எவ்வளவு காலமாய்?"

"போன வருஷத்திலிருந்துங்க."

ஆன்டி கறிச்சட்டியை அடுப்பில் வைத்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தான். "என்ர தம்பியை எண்பத்தெட்டிலை ரோட்டிலை வைச்சுப் பிடிச்சுக்கொண்டு போனாங்கள்" என்றார். "இன்னும் வரேல்லை. அம்மா செத்தா, அப்பா செத்தார், ரெண்டு பேருக்கும் தண்ணி விட்டன். அவனுக்கு விடேல்லை. விட்டா அவன் செத்துப்போனானெண்டு ஆயிடும். அதுக்காக, எங்கையாவது ஒரு வேலிக்குப் பின்னாலை பசியோடை நிப்பானெண்டு தெரிஞ்சும் பேசாமல் இருக்கிறன். நான் உமக்கு என்னத்தைச் சொல்லுறது?" கறிச்சட்டியை மூடிவிட்டு, "அந்தக் குஞ்சு பாவம், தம்பி" என்றார்.

புரட்டாசி அமாவாசைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டான். ஆன்டி கதவருகே நின்றார். நாலு பேரும் வந்து உட்கார்ந்ததும், திருமூர்த்தி கையில் எள்ளும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, ஃப்ரான்டிஷெக் மிகுலென்கா என்று சொல்லி ஊற்றினான். ரோசாலியே மிகுலென்கா. அநெஷ்கா மிகுலென்கா. சொல்லச் சொல்ல அவர்களுக்கு நிறம் வந்தது. மீசை கறுத்தது, முன்துணியில் பூக்கள் சிவந்தன. குழந்தைக்கு வந்தபோது கை நின்றது. பேர் வைத்தார்களா என்பதே தெரியாத குழந்தை. தன் ஊரில் இப்படி ஒன்று போயிருந்தால் அதைக் கூப்பிட ஒரு வார்த்தை இருக்காது என்று நினைத்தான். பிறகு "மிகுலென்கா" என்று மட்டும் சொல்லித் தண்ணீரை விட்டான். அது போதுமாயிருந்தது. குழந்தை வாய்விட்டு அழுதது, தெருவில் இரண்டு வீட்டு நாய்கள் குரைத்தன. அன்று அவர்கள் இலையில் பாதியை மிச்சம் வைத்தார்கள். வயிறு நிறைந்திருந்தது. மீசைக்காரர் எழுந்து கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, திருமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரோசாலியே குழந்தையை அவன் முகத்தருகே கொண்டுவந்து காட்டினாள். இந்த முறை வேலிக்குள் போகவில்லை. அவர் சரிசெய்த கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், தெருவில் இறங்கி, தெற்கே நடந்தார்கள். முனை திரும்பும்போது இரட்டைச் சடைப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவன் இலை போடவில்லை. நாலு நாற்காலியும் மழையில் நனைந்தன. டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி காலை பெர்னிஸ் போன் செய்தார். முந்தின சாயங்காலம் அந்தத் தட்டுக்கு நாலு பேர் வந்தார்களாம். இடம் போதாமல் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்தாராம், அவர்களும் அதைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்களாம். மீன் சாப்பிட்டார்கள், உருளைக்கிழங்கு சாப்பிட்டார்கள், ஆனால் கடைசிவரைக்கும் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள் என்றார். "சோறுங்க மேடம்" என்றான் திருமூர்த்தி, அவனை அறியாமல் தமிழில். பிறகு இங்கிலீஷில் அரிசி எப்படி வேக வைப்பதென்று சொன்னான். அடுத்த வருஷத்துக்குக் குறித்துக்கொண்டார்.

2001 தை அமாவாசையன்று அதிகாலையில் தவமணிதேவி ஆன்டி வந்து கதவைத் தட்டினார். குளித்துத் தலையை முடிந்திருந்தார். "கறுத்த எள்ளுக் கொஞ்சம் இருக்குதே, தம்பி?" என்றார். அவன் டப்பாவிலிருந்ததில் பாதியைக் கொட்டிக் கொடுத்தான். எதற்கென்று கேட்கவில்லை. அவரும் சொல்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அவர் போனபிறகு சமைத்தான். பருப்பு, பொரியல், வடை. இலையின் மேல் ஓரத்தில், ஃபிரிட்ஜிலிருந்த பாட்டிலில், அமாவாசைதோறும் ஒன்றாக வைத்தது போக, அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசி நார்த்தங்காய்த் துண்டை வழித்து வைத்தான். குளிரில் சிமெண்டு ஜில்லென்றிருந்தது. மிச்ச எள்ளைக் கையில் எடுத்து, தண்ணீரை ஊற்றிக்கொண்டு, வேலியைப் பார்த்தபடி, "சண்முகப்ரியா" என்றான். குரல் துருப்பிடித்த மாதிரி வந்தது. சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னான். பிறகு, "சண்முகப்ரியா திருமூர்த்தி" என்று முழுசாகச் சொல்லித் தண்ணீரை விட்டான்.

வேலிக்குள்ளிருந்து யாரும் வரவில்லை. கூப்பிட்டுக் காத்திருப்பவர்கள் எதிரே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று தோன்றி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஷேவ் செய்துகொண்டான், சட்டைக்கு இஸ்திரி போட்டான். திரும்பி வந்து பார்த்தபோது சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. வடையில் ஒரு விள்ளல்கூடக் குறையவில்லை. நார்த்தங்காய்த் துண்டு மட்டும் இல்லை. இலையின் ஓரத்தில் விதைகள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

இலையை மடித்துப் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வரும் வழியில், நாலு வருஷமாகக் கால் வைக்காத அந்தச் சாமான் கடை வாசலில் காரை நிறுத்தி, பாட்டில் தீர்ந்துவிட்டதால், நார்த்தங்காய் ஊறுகாய் ஒன்று வாங்கினான்.